சம்மதம் கேட்கும் கதண்டுகள்

அம்பிகாபதி நானூற்றுப் பன்னிரண்டு பேருடைய போன் நம்பரை ஒரு பழைய மோட்டார் சைக்கிளுக்காக விற்றான். விற்ற மறுநாள் காலை பத்தரை மணிக்கு, அவன் கடைக்குள் இருந்த கூட்டிலிருந்து நானூற்றுப் பன்னிரண்டு கதண்டுகள் இறங்கி, ஒன்றை ஒன்று முந்தாமல், ரேஷன் கடையில் நிற்கிற மாதிரி வரிசையாக வந்து, தலைக்கு ஒரு கொட்டு கொட்டிவிட்டுத் திரும்பப் போயின. நான் எதிரே இஸ்திரி வண்டியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது கொட்டு வரைக்கும் கத்தினான். ஐம்பதில் கண் இரண்டும் மூடிக்கொண்டன. நூறைத் தாண்டும்போது ஆள் செத்தாகிவிட்டது. ஆனாலும் மிச்சக் கதண்டுகள் வரிசையை விட்டு விலகவில்லை. தங்கள் முறை வரும்வரை காத்திருந்து, செத்த உடம்பிலும் தங்கள் பங்கைக் கொட்டிவிட்டுத்தான் கூட்டுக்கு ஏறின.

கதண்டு தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பக்கத்துப் பனைமரங்களில் பானை போலக் கூடு கட்டுகிற பெரிய குளவி அது. நாலைந்து சேர்ந்து கொட்டினால் உழவு மாடு படுத்துவிடும். புலியங்கோட்டகத்தில் பிறந்தவன் பாம்பைக் கண்டால் கம்பைத் தேடுவான், கதண்டைக் கண்டால் வேட்டியைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடுவான்.

ஆனால் இந்தக் கடைக் கதண்டுகள் பனைமரத்தில் பிறந்தவை இல்லை. கம்ப்யூட்டரில் பிறந்தவை.

அம்பிகாபதியும் அவன் சம்சாரம் செங்கமலமும் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு கம்ப்யூட்டர் கடை வைத்து, கல்யாணத்துக்கு வரன் பார்க்கிற தளம் ஒன்றை நடத்தினார்கள். தளத்தின் பேர் எதற்கு, விடுங்கள். மெட்ராஸில் யாரோ ஒரு பையன் செய்து கொடுத்தது. அவன் வேறு எங்கிருந்தோ எடுத்து, பக்கத்தின் அடியில் எறும்பு எழுத்தில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தான். உங்கள் பெயர், ஊர், நட்சத்திரம், தொலைபேசி எண் ஆகியவற்றைச் சேகரிக்கிறோம்; உரியவர் சம்மதம் இல்லாமல் எவருக்கும் தரமாட்டோம்; அழிக்கச் சொன்னால் முப்பது நாளில் அழிப்போம். மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான், நான் படிக்காததில் அதிசயம் இல்லை. பி.ஏ. படித்தவனும் படிக்கவில்லை. கடை வைத்த அம்பிகாபதியே படிக்கவில்லை. கதண்டு படித்திருக்கிறது என்றுதான் கடைசியில் நாங்கள் எல்லோரும் முடிவுக்கு வந்தோம்.

முதல் ஆள் பதிந்து, ‘சம்மதம்’ என்ற பட்டனை அமுக்கியதும், கம்ப்யூட்டர் பெட்டியின் பின்னால் விசிறி சுற்றுகிற ஓட்டை வழியாக ஒரு கதண்டு ஈர இறக்கையோடு வெளியே வந்தது; டியூப்லைட்டின் மேல் உட்கார்ந்து உலர்த்திக்கொண்டது; முனக ஆரம்பித்தது. செங்கமலம் ஸ்டூல் போட்டு ஏறிக் காது கொடுத்தாள். பதிந்த பெண்ணின் நட்சத்திரத்தையும் போன் நம்பரையும் அது முனகிக்கொண்டிருந்தது. அவள் இறங்கி வந்து, “ஒண்ணும் இல்லீங்க, பதிவாயிருச்சு” என்று அந்தப் பெண்ணின் தகப்பனிடம் சொன்னாள். அவரும் “அப்ப சரி” என்று போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஆளுக்கு ஒரு கதண்டு. கூடு டியூப்லைட்டிலிருந்து உத்திரம் வரைக்கும் வளர்ந்தது. ஊர் அதற்குத் தகுந்தபடி நடந்துகொண்டது. பிள்ளை வீடும் பெண் வீடும் சம்மதம் கொடுத்தால் இரண்டு கதண்டும் கிளம்பி, ஒன்று அந்த வீட்டுக்கும் ஒன்று இந்த வீட்டுக்குமாகப் போய், குடும்பத் தலைவர் தோளில் உட்கார்ந்து விவரத்தை முனகிவிட்டு வரும். வாசலில் கருப்பட்டித் தண்ணீர் வைத்து வரவேற்பார்கள். ‘கதண்டு வந்துட்டுப் போச்சா?’ என்று கேட்டால் பேச்சு முடிந்ததா என்று அர்த்தம். தாலி கட்டிய அன்றைக்கு அந்த இரண்டும் கூட்டை விட்டுப் பறந்துவிடும்.

பொய் விவரம் கொடுத்தால் மட்டும் குருட்டுக் கதண்டு பிறந்தது. குருட்டுக்குக் கூடு தெரியாது. முதலில் எது மேலே படுகிறதோ அதைக் கொட்டும். பொய் சொன்ன வாய்தானே பக்கத்தில் இருக்கும். ஒரு வருஷத்துக்கு எங்கள் ஊரில் பாதிப் பேர் வீங்கின உதட்டோடு திரிந்தார்கள். டீக்கடையில், “என்ன மச்சான், வயசைக் குறைச்சியா, சம்பளத்தை ஏத்துனியா?” என்று கேட்பார்கள். “இல்லடா, குடிப்பழக்கம் கிடையாதுன்னு போட்டேன்” என்பான் அவன், உதட்டில் சுண்ணாம்போடு. நாலு வருஷத்தில் புலியங்கோட்டகத்துக்காரர்கள் அந்தக் கடையின் நாலு சுவருக்குள் அரிச்சந்திரன் ஆனார்கள். வெளியே வந்ததும் பழையபடி இருந்தார்கள்.

அம்பிகாபதி செத்ததும் கூட்டைக் கொளுத்தத் தீயணைப்பு வண்டி வந்தது. பெண்கள் கடைவாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். “எங்க பொண்ணுங்க நம்பரு அதுக்குள்ள இருக்கு. கொளுத்துனா அது எவன் வீட்டுக்குப் போவும்?” என்றார்கள். வண்டியில் வந்த பெரியவரே தன் மகளைப் பதிந்திருந்தார். குழாயைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். விஷ வண்டு கடித்து மரணம் என்று எழுதிக் கணக்கை முடித்தார்கள். செங்கமலம் பதினாறாம் நாள் கடையைத் திறந்தாள். அன்றிலிருந்து வருகிறவர் யாராக இருந்தாலும், அந்த எறும்பு எழுத்தை முதலில் வாய்விட்டுப் படித்துக் காட்டிவிட்டுத்தான் பட்டனில் கைவைக்க விட்டாள்.

இப்போது தையல்நாயகி கதைக்கு வருகிறேன்.

மேலத்தெரு சாமியப்பாவின் மகள். இருபத்தோரு வயதில் தகப்பன் கூட்டிவந்து பதிந்தான். கேள்விக்கெல்லாம் அவனே பதில் சொன்னான், பட்டனையும் அவனே அமுக்கினான். அவள் பின்னால் நின்று சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் ஊரில் பெண்ணுக்காகத் தகப்பன் விரல் அமுக்குவதுதான் வழக்கம், அதை யாரும் தப்பாக நினைத்ததில்லை. நாலு மாதம் கழித்து அவள் கீழத்தெரு வீரக்குமாரோடு போய்ப் பதிவுக் கல்யாணம் பண்ணிக்கொண்டாள். மேலத்தெருப் பெண் கீழத்தெருப் பையனோடு போனால் என்ன நடக்கும் என்பதை எங்கள் பக்கத்தில் குழந்தைக்குக்கூடச் சொல்லித்தர வேண்டியதில்லை. வீரக்குமாரின் வீட்டுக் கூரை அன்றைக்கே எரிந்தது. அவன் அப்பாவை வாய்க்கால் மதகில் கட்டிவைத்து அடித்தார்கள்.

அவள் ஒரு நாள் முக்காட்டோடு கடைக்கு வந்தாள். “அக்கா, அப்பா அன்னிக்கி சம்மதம் குடுத்த மாப்ள வீட்டுக்காரங்க இன்னும் போன் பண்ணிக்கிட்டே இருக்காங்க. நேத்து ஒருத்தர் என் வீட்டுக்காரர்ட்டயே, பொண்ணு எப்படி, சமைக்குமான்னு கேட்டாரு. என் பேரை அழிச்சிருங்க” என்று சிரித்தாள்.

அழிப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. உரியவர்தான் கேட்கிறாரா என்று சரிபார்க்க, இப்போது இருக்கிற விலாசத்தை எழுதவேண்டும். எழுதினாள். அழிவதற்கு முப்பது நாள். அந்த முப்பது நாளும் அவள் கதண்டு, கட்டினவனோடு அவள் குடியிருக்கிற தெருவையும் கதவு நம்பரையும் உத்திரத்தில் முனகிக்கொண்டு கிடந்தது.

இருபத்துநாலாம் நாள், பகல் பதினொரு மணிக்கு, சாமியப்பாவும் அவன் மகன் மணிமாறனும் வந்தார்கள். சாமியப்பா துணிப்பையிலிருந்து அரிவாளை எடுத்துக் கீபோர்டின் மேல் வைத்தான், தாம்பூலத் தட்டு வைக்கிற மாதிரி.

“ஊரு திருப்பூருன்னு தெரிஞ்சுபோச்சு. ஸ்டேஷன்ல நம்மாளு ஒருத்தன் டவரைப் பாத்துச் சொல்லிட்டான். தெரு தெரியல. உன் கடைப்படியில அவளைப் பாத்தவன் இருக்கான். தெருவை நீ சொல்லு.”

“அதைச் சொல்றதுக்கில்லைங்க.”

“பெத்தவன் கேக்குறேன்.”

“பெத்தவங்கன்னு அதுல கட்டம் இல்லீங்க. உரியவர்னுதான் இருக்கு.”

“அன்னிக்கி சம்மதம்னு அமுக்குனது யாரு விரலு? இந்த விரலு.” விரலை அவள் மூக்குக்கு நேரே நீட்டினான்.

“விரல் உங்களுது. விவரம் அவளுது.”

சாமியப்பா மகனைப் பார்த்து, “சட்டம் பேசுறாடா இவ” என்றான். அரிவாள் எழுந்தது எனக்குத் தெரிந்தது, இறங்கியது தெரியவில்லை. மவுஸைப் பிடித்திருந்த அவள் வலது கையின் மூன்று விரல்கள் மேசையில் கிடந்தன. மவுஸின் ஒயரும் அறுந்து கிடந்தது.

நான் மேலே பார்த்தேன். ஒரு கதண்டு அசையவில்லை. கூட்டில் இருந்ததெல்லாம் விவரத்தைக் காக்கப் பிறந்தவை. செங்கமலத்தின் விரலைப் பற்றி அந்த அறிவிப்பில் ஒரு வரியும் இல்லை. தணல் போட்ட இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் ரோட்டைத் தாண்டி ஓடினேன். மணிமாறன் ஒரு உதை விட்டான். பெட்டி திறந்து தணல் என் பாதத்தில் கொட்டியது. “ஏய் காத்தமுத்து, போயி வேட்டிய மடி” என்றான் சாமியப்பா. என் பேரன் வயது மணிமாறனுக்கு. அவன் என்னைத் தாண்டிப் போய்க் கதவில் சாய்ந்துகொண்டான்.

செங்கமலம் முந்தானையைக் கையில் சுற்றி இறுக்கினாள். உதடு வெளுத்திருந்தது. ஆனால் கடைக்கு வருகிற எவரிடமும் பேசுகிற குரலில்தான் சொன்னாள்: “இன்னொருத்தர் விவரம் வேணும்னா அதுக்கு ஒரு படிவம் இருக்கு. நிரப்புங்க. உரியவர் சம்மதிச்சா கதண்டே உங்க தோளுக்கு வரும்.”

“கையை எடுத்தும் திமிரு போவல பாரு” என்றான் சாமியப்பா. ஆனாலும் உட்கார்ந்தான். அவள் இடது கையால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். பேர். உறவு, மகள். கேட்கும் நோக்கம்?

“பொண்ணைப் பாத்து ஆசீர்வாதம் பண்ண.”

அவனுக்குக் குருட்டுக் கதண்டைப் பற்றித் தெரியாதா? தெரியும். ஆனால் தன் வாயிலிருந்து வருவது எதுவும் பொய்யாகாது என்று முப்பது வருஷமாகப் பஞ்சாயத்தில் உட்கார்ந்து நம்பிப் பழகியவன்.

அடுத்து மணிமாறன்.

“உறவு?”

“தங்கச்சி. செத்துப்போனவ.”

“நோக்கம்?”

“வெட்டணும்னு போடு. எனக்கென்ன பயம்.”

கடைசியாக ரகசியக் கேள்வி ஒன்று உண்டு. நாளைக்கு வேறு ஒருத்தன் வந்து நான்தான் மணிமாறன் என்று ஏமாற்றாமல் இருக்க. “சின்ன வயசுல உங்களைச் செல்லமா என்னன்னு கூப்புடுவாங்க?”

அவன் தரையைப் பார்த்தான். ரத்தம் மேசைக்காலில் வழிந்து அவன் செருப்பு வரை வந்திருந்தது. “தவக்களன்னு போடு” என்றான், குரல் இறங்கி. “அவ ஒருத்திதான் கூப்புடுவா.”

இரண்டு கதண்டு பிறந்தன. முதலாவது குருடு. சாமியப்பா “எங்கடி என் மவ தெரு?” என்று கேட்க வாயைத் திறந்தான்; அது நேராக உள்ளே போய்த் தொண்டையில் கொட்டியது. கழுத்தைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். முகம் கத்தரிக்காய் நிறத்துக்குப் போனது. இரண்டாவது நல்ல கண்ணோடு பிறந்தது. மணிமாறன் மனசில் தங்கச்சி செத்துத்தான் போயிருந்தாள், வெட்டவும்தான் வந்திருந்தான், ஒன்றும் பொய்யில்லை. அது இறக்கையை உலர்த்திக்கொண்டு கூட்டில் ஏறி, ஊரில் எல்லோர் விவரத்தோடும் அவன் விவரத்தையும் பத்திரமாக வைத்துக்கொண்டது. திரையில் எழுத்து வந்தது: உங்கள் கோரிக்கை உரியவருக்கு அனுப்பப்பட்டது.

மணிமாறன் தகப்பனைத் தூக்கி ஆட்டோவில் போட்டுக்கொண்டு போனான். மதகு தாண்டுவதற்குள் உயிர் போய்விட்டது என்று பிறகு சொன்னார்கள்.

“வாம்மா, ஆஸ்பத்திரிக்கு” என்றேன்.

“போனை எடுங்க சித்தப்பா. தையலு நம்பரைப் போடுங்க.”

“விரலு கீழ கிடக்குதம்மா.”

“அது எங்கயும் போவாது. அண்ணன் அட்ரஸ் கேக்குறான், சம்மதமான்னு அவளுக்கு மெசேஜ் போயிருக்கும். என்னத்துக்குக் கேக்குறான்னு அதுல இருக்காது. அவளுக்கு அண்ணன்னா உசிரு. அமுக்கிடுவா.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒருத்தன் எழுதிக்கொடுத்த நோக்கத்தை இன்னொருத்தரிடம் சொன்னால் என்ன ஆகும் என்பதை தன் புருஷன் உடம்பில் எண்ணிப் பார்த்தவள் செங்கமலம். நான் போனை அவள் காதில் வைத்துப் பிடித்தேன். ஸ்பீக்கரைப் போடச் சொன்னாள். சொல்லும்போதே மேலே கூட்டின் முனகல் நின்றுவிட்டது.

“அக்கா!” தையல்நாயகியின் குரலில் சிரிப்பு. “இப்பதான் மெசேஜ் வந்துச்சு. அண்ணன் அட்ரஸ் கேட்டிருக்கு. அது மனசு மாறும்னு இவருகிட்ட சொல்லிக்கிட்டே இருந்தேன்.”

“அமுக்கிட்டியா?”

“கை பூரா மாவு. கழுவிட்டு அமுக்கலாம்னு…”

“அமுக்காதே. நோக்கம்ங்கற எடத்துல வெட்டணும்னு எழுதியிருக்கான்.”

மணிமாறனின் கதண்டு இறங்கி வந்து அவள் நெற்றியில் கொட்டியது. நான் தோளில் கிடந்த துண்டை எடுத்து ஓங்கினேன். “அடிக்காதீங்க சித்தப்பா. அது அதோட வேலையப் பாக்குது” என்றாள்.

“போங்கக்கா. அப்பா சொல்லும். அண்ணன் அப்படிச் சொல்லாது.”

“உறவுங்கற எடத்துல, செத்துப்போனவன்னு எழுதியிருக்கான்.”

இரண்டாவது கொட்டு இடது கண் இமையில். சத்தம் போடாமல் மேசையைப் பிடித்துக்கொண்டாள், வெட்டுப்பட்ட கையால்.

“யாரோ பக்கத்துல நின்னு உங்கள மெரட்டிச் சொல்லச் சொல்றாங்க. இல்லையாக்கா? எங்க அண்ணன் என்னைத் தோள்ல வச்சுப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிட்டுப் போனது.”

செங்கமலம் என்னைப் பார்த்தாள். ஒரு கண்தான் திறந்திருந்தது. பிறகு மிச்சமிருந்ததையும் சொன்னாள்.

“செல்லப் பேரு தவக்களன்னு சொன்னான் தையலு. நீ ஒருத்திதான் கூப்புடுவியாம்.”

மூன்றாவது கொட்டு நாக்கில்.

அந்தப் பக்கம் ஒரு பாத்திரம் விழுந்து உருண்டது. அப்புறம், முன்பு கேட்ட குரலாகவே இல்லாத ஒரு குரலில், “நாங்க இப்பவே கெளம்புறோம்” என்று சொல்லி, எந்த ஊருக்கு, யார் வீட்டுக்கு என்பதையும் அந்தப் பெண் சொன்னாள். செங்கமலத்தால் பதில் சொல்ல முடியவில்லை, நாக்கு வாயை அடைத்துக்கொண்டிருந்தது. “சரிம்மா, போ. சிம்மைக் கழட்டிச் சாக்கடையில போட்டுட்டுப் போ” என்று நான் சொன்னேன்.

மணிமாறன் தகப்பனுக்குக் கொள்ளி வைத்த மூன்றாம் நாளே திருப்பூர் போனான். போட்டோவைக் காட்டி ஒன்பது நாள் தெருத்தெருவாக அலைந்து வீட்டைக் கண்டுபிடித்தான். பூட்டியிருந்தது. கதவை வெட்டினான். உள்ளே பாயை வெட்டினான். கொடியில் விட்டுப்போன ஒரு பாவாடையை வெட்டினான். சட்டியில் பிசைந்த மாவு கல்லாய்க் காய்ந்து கிடந்ததாம், அதையும் வெட்டினானாம். பிறகு அங்கேயே உட்கார்ந்துவிட்டான், போலீஸ் வந்து கூட்டிப்போகும் வரைக்கும்.

அதற்குள் இங்கே முப்பதாம் நாள் வந்துபோயிருந்தது. அன்றைக்குக் கடைவாசலில் கூட்டம், பெண்ணை மறுவீடு அனுப்புகிற மாதிரி. தையல்நாயகியின் கதண்டு கூட்டை விட்டு வெளியே வந்து, பஸ் ஸ்டாண்டு மேலே ஒரு சுற்றுச் சுற்றியது. முனகல் கொஞ்சங்கொஞ்சமாகத் தேய்ந்து நின்றது. தெருவும் இல்லை, கதவு நம்பரும் இல்லை; ஒன்றும் தெரியாத வெறும் பூச்சியாக அது பனைமரங்களின் பக்கம் போனது. யாரோ கைதட்டினார்கள். யாரோ அழுதார்கள்.

செங்கமலம் பிழைத்தாள். பேச்சு திரும்பவில்லை. அறிவிப்பை வாய்விட்டுப் படிக்க முடியாது என்பதால், காதால் கேட்டே அதை மனப்பாடம் பண்ணிவிட்ட நான் இஸ்திரி வண்டியை விட்டு வந்து வருகிறவர்களுக்குச் சொல்லுகிறேன்.

எட்டு மாதம் கழித்து ஜாமீனில் வந்த மணிமாறன் ஒரு நாள் படியில் வந்து நின்றான். தாடியும் தானுமாக இருந்தான். அவள் கையைப் பார்த்தான், கையிலிருந்து கண்ணை எடுத்துச் சுவரைப் பார்த்தான். “என் விவரத்தை அழிச்சிருங்க” என்றான். அவனை அடித்துத் துரத்த என் கை பரபரத்தது. அவள் நாற்காலியைக் காட்டினாள். இடது கையால் தட்டினாள். துண்டுச்சீட்டில் ‘30 நாள்’ என்று எழுதிக் கொடுத்தாள், எல்லோருக்கும் கொடுக்கிற மாதிரி.

அவன் போகாமல் நின்றான். “தவக்களன்னு நீங்க சொன்னப்ப, அவ என்ன சொன்னா?”

செங்கமலம் தலையை இடதும் வலதுமாக ஆட்டினாள். அது அவளுடைய விவரம், தரமுடியாது என்று அர்த்தம். அவன் புரிந்துகொண்டு படி இறங்கினான்.

என்னையும் கேட்கிறார்கள். அந்தப் பெண் போன ஊரை நேரில் காதால் கேட்டவன் நான் ஒருத்தன்தான் என்று எல்லோருக்கும் தெரியும். கெஞ்சிக் கேட்டார்கள், சாராயம் வாங்கிக் கொடுத்துக் கேட்டார்கள், ஒரு தடவை முதுகில் கட்டையால் அடித்தும் கேட்டார்கள். எனக்குக் கதண்டு கிடையாது. நான் எந்தப் படிவமும் நிரப்பியதில்லை, எந்தப் பட்டனையும் அமுக்கியதில்லை. சொன்னால் என்னைக் கொட்ட ஒன்றும் வராது. அதனாலேயே நான் ரொம்ப ஜாக்கிரதையாக இருக்கவேண்டியிருக்கிறது.

இந்தக் கதையை எழுதட்டுமா என்று செங்கமலத்திடம் கேட்டேன். யோசித்தாள். தன் நெஞ்சைத் தொட்டுத் தலையசைத்தாள். பிறகு திருப்பூர்ப் பக்கம் கையைக் காட்டி, கூடாது என்று ஆட்டினாள். ஆகையால் செங்கமலம் என்ற பேர் மட்டும் நிஜம். தையல்நாயகி என்று ஒருத்தி கிடையாது. வீரக்குமாரும் அவன் பேரில்லை. திருப்பூர், திருப்பூர் இல்லை. தவக்களை என்பதுகூட வேறு ஒரு செல்லப் பேர்.

கடைக்குள் கூட்டுக்கு நேர் கீழே உட்கார்ந்துதான் இவ்வளவு பொய்யையும் எழுதினேன். எழுதி முடித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு மேலே பார்த்தேன். பொய்யைப் பொறுக்காத கூடு அது. ஒன்றுகூட இறங்கவில்லை.